கண்ணாடி மாற்றினால் போதுமா?

கண் சம்பந்தமாக வந்த கேள்விகள் ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. பாதிக்கும் மேல் ஒரே சந்தேகம்தான், வேறு வேறு வடிவத்தில்: "பார்வை நன்றாகத்தானே இருக்கிறது, டாக்டரிடம் எதற்கு?" அதிலிருந்தே தொடங்குவோம்.

வயது 42. போன மாதத்திலிருந்து மருந்து அட்டையில் உள்ள சின்ன எழுத்து தெரிவதில்லை. கையை நீட்டிப் பிடித்தால் தெரிகிறது. கண்ணாடிக் கடையிலேயே கம்ப்யூட்டரில் பவர் பார்த்து, கண்ணாடி போட்டுக் கொடுத்துவிட்டார்கள். இப்போது பளிச்சென்று தெரிகிறது. இதற்கு மேல் கண் மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டுமா?

உங்களுக்கு வந்திருப்பது வெள்ளெழுத்து. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இளமையில் நெகிழ்வாக இருக்கும். கிட்டத்தில் பார்க்கும்போது தானே உப்பிக்கொள்ளும். நாற்பதை நெருங்கும்போது அந்த நெகிழ்வு குறைகிறது. இது நோயல்ல, எல்லோருக்கும் வருவது. பெரியவர்கள் இதைச் 'சாளேசுவரம்' என்பார்கள். நாற்பதைக் குறிக்கும் 'சாலீஸ்' என்ற இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. வயதையே இந்தக் குறைக்குப் பெயராக வைத்துவிட்டார்கள்.

கண்ணாடிக் கடையில் நடந்தது பவர் அளவெடுப்பு. கண் பரிசோதனை வேறு. இந்தத் துறையில் மூன்று பேர் இருக்கிறார்கள், மூவரையும் 'கண் டாக்டர்' என்றே சொல்லிவிடுகிறோம். மருத்துவப் படிப்பு முடித்து, அதற்கு மேல் கண்ணுக்கென்றே சிறப்புப் படிப்பு படித்தவர் கண் மருத்துவர். நோயைக் கண்டுபிடிப்பது, மருந்து எழுதுவது, அறுவை செய்வது எல்லாம் அவர் வேலை. ஆப்டோமெட்ரிஸ்ட் பார்வையை அளந்து பவர் எழுதுவதில் பயிற்சி பெற்றவர். நல்ல ஆப்டோமெட்ரிஸ்ட் சந்தேகப்பட வேண்டியதைச் சந்தேகப்பட்டு மருத்துவரிடம் அனுப்பிவிடுவார். ஆப்டிஷியன் சீட்டில் உள்ளபடி லென்ஸை வெட்டி, ஃப்ரேமில் பொருத்தி, மூக்கில் சரியாக உட்கார வைப்பவர். மூவரும் தேவைதான். ஆனால் மூன்றாமவர் கொடுத்த கண்ணாடியில் எழுத்து தெரிகிறது என்பதால் முதலாமவர் பார்க்க வேண்டியதை யாரும் பார்த்ததாகிவிடாது.

முழுப் பரிசோதனை என்றால் என்னென்ன என்று தெரிந்துகொண்டால், அது நடந்ததா இல்லையா என்று நீங்களே சொல்லிவிடலாம். ஒவ்வொரு கண்ணாகப் பார்வை அளவு. டார்ச் அடித்துக் கண் பாப்பா சுருங்குகிறதா என்று பார்ப்பது. தாடையை ஒரு தாங்கியில் வைத்து, ஸ்லிட் லேம்ப் என்ற நுண்ணோக்கி வழியாகக் கருவிழி, லென்ஸ் எல்லாம் பார்ப்பது. கண் அழுத்தம். கடைசியாக, சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்து விழித்திரையையும் பார்வை நரம்பையும் பார்ப்பது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பலூன் படம் பார்த்தது மட்டும்தான் நடந்தது என்றால், பவர் மட்டும்தான் பார்க்கப்பட்டிருக்கிறது. அதுகூட முதல் மதிப்பீடுதான். எழுத்துப் பலகையைக் காட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்ட பிறகு வருவதே இறுதிப் பவர்.

தொந்தரவே இல்லாதவர்களும் 40 வயதில் ஒருமுறை இந்த முழுச் சோதனையைச் செய்துகொள்வது நல்லது. பிறகு இரண்டு முதல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை. 65-க்கு மேல் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை. சர்க்கரை நோய், குடும்பத்தில் கண் அழுத்த நோய் (குளுக்கோமா), அதிக மைனஸ் பவர் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் அடிக்கடி வர வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சின்னச் சோதனை: கெட்டி அட்டையில் குண்டூசியால் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஓட்டை போடுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கண்ணால் அந்த ஓட்டை வழியாகத் தூரத்தில் மங்கலாகத் தெரியும் எழுத்தைப் பாருங்கள். தெளிவானால் பெரும்பாலும் பவர் கோளாறு, கண்ணாடியில் சரியாகும். ஓட்டை வழியாகவும் அதே மங்கல் என்றால் கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பயனில்லை, நேரே மருத்துவரிடம் போங்கள். தெளிவாகிவிட்டது என்பதற்காக நோய் இல்லை என்று அர்த்தம் செய்துகொள்ளவும் கூடாது.

சர்க்கரை நோய் வந்து ஆறு வருடம். பார்வை 6/6. ஆனாலும் வருடா வருடம் சொட்டு மருந்து விட்டு உட்கார வைக்கிறார்கள். அரை நாள் வேலை போகிறது. போன வருடம் போட்ட கண்ணாடி வேறு இப்போது சரியில்லை. தவிர்க்க முடியாதா?

முடியாது. 6/6 என்றால், இயல்பான கண் 6 மீட்டரில் படிக்கும் எழுத்தை நீங்களும் 6 மீட்டரில் படிக்கிறீர்கள் என்று பொருள். அது விழித்திரையின் நட்ட நடுவில் உள்ள ஒரு சின்னப் புள்ளியின் வேலை. சர்க்கரையால் வரும் ரத்தக் கசிவு அந்தப் புள்ளிக்கு வெளியே பரவிக்கிடந்தால் பலகையில் கடைசி வரி வரை படித்துவிடுவீர்கள். நடுப்புள்ளியில் வீக்கம் வந்த பிறகோ, உள்ளே ரத்தம் கொட்டிய பிறகோதான் மங்கல் தெரியும். அந்தக் கட்டத்தில் லேசர், கண்ணுக்குள் ஊசி என்று சிகிச்சை நீளும், போன பார்வை முழுதாகத் திரும்பும் என்ற உறுதியும் கிடையாது.

இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் தெரிந்த அன்றே கண்ணையும் பார்த்துவிட வேண்டும். காரணம், ரத்தப் பரிசோதனையில் தெரிவதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே அது உடம்பில் இருந்திருக்கக்கூடும். முதல் வகைக்கு, நோய் தொடங்கி ஐந்து ஆண்டுக்குள். அதன் பிறகு இருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை. ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண் கர்ப்பமானால் முதல் மூன்று மாதத்துக்குள் காட்ட வேண்டும். அந்த ஒன்பது மாதத்தில் விழித்திரைப் பாதிப்பு வேகமெடுக்கலாம்.

சொட்டு மருந்து விட்டதும் பாப்பா விரிய 20 முதல் 30 நிமிடம் ஆகும். பிறகு நான்கு முதல் ஆறு மணி நேரம் கிட்டத்துப் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். கூலிங் கிளாஸ் கொண்டுபோங்கள். முடிந்தால் பிற்பகல் நேரம் வாங்குங்கள், அன்றைய வேலை கெடாது.

கண்ணாடி விஷயம்: ரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண் லென்ஸ் நீரை இழுத்து உப்பும், வடியும். பவரும் கூடவே மாறும். சர்க்கரை தாறுமாறாக இருக்கும் வாரத்தில் அளவெடுத்துக் கண்ணாடி போட்டால், அடுத்த மாதம் அது உதவாது. சர்க்கரை சில வாரங்கள் நிலையாக நின்ற பிறகு அளவெடுங்கள். கண்ணாடிக் கடைக்காரர் மேல் தப்பில்லை.

கண் சிவந்து உறுத்தினால், முன்பு ஒருமுறை டாக்டர் எழுதிய அதே சொட்டு மருந்தை மருந்துக் கடையில் வாங்கி விடுவேன். இரண்டே நாளில் சரியாகிவிடும். இந்த முறை சரியாகவில்லை. மருந்து போலியா?

மருந்து போலியாக இருக்காது. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். பெட்டியில் டெக்ஸாமெதசோன், பிரட்னிசலோன், பீட்டாமெதசோன், லோட்டிபிரட்னால் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். ஸ்டீராய்டு எந்தச் சிவப்பையும் அமுக்கிக் காட்டும், அதனால்தான் அது 'நல்ல மருந்து' என்று பெயர் வாங்குகிறது. கருவிழியில் பூஞ்சைப் புண்ணோ ஹெர்பிஸ் கிருமியோ இருந்தால் அதே மருந்து எரிகிற தீக்கு எண்ணெய். மாதக் கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறும், கண்புரையும் சீக்கிரம் வரும். கண் அழுத்தம் ஏறுவது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

கண் சிவந்தால் முதலில் மூன்றைக் கவனியுங்கள்: வலி இருக்கிறதா, வெளிச்சம் தாங்க முடியவில்லையா, பார்வை குறைந்திருக்கிறதா. மூன்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவர். இந்த மூன்றும் இல்லாமல், அரிப்பும் நீரும் பீளையும் மட்டும் என்றால் பெரும்பாலும் ஒவ்வாமை அல்லது 'மெட்ராஸ் ஐ'. வைரஸால் வரும் மெட்ராஸ் ஐ ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கும். ஆன்டிபயாடிக் சொட்டு வைரஸை ஒன்றும் செய்யாது. துண்டு, தலையணை உறை தனியாக வைத்துக்கொள்ளுங்கள், கையை அடிக்கடி சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அது காற்றில் பரவுவதோ பார்ப்பதால் ஒட்டிக்கொள்வதோ இல்லை, கை வழியாகத்தான் பரவுகிறது. கறுப்புக் கண்ணாடி போடுவது உங்கள் கூச்சத்துக்கு நல்லது, அடுத்தவருக்குப் பாதுகாப்பு இல்லை.

இரண்டு பேர் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். இலை, வைக்கோல், குச்சி கண்ணில் கீறிய பிறகு சிவந்தால் பூஞ்சைப் புண் என்று சந்தேகிக்க வேண்டும். முதல் நாள் சும்மா உறுத்தலாக இருக்கும். சில நாள் கழித்துக் கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரியும். காண்டாக்ட் லென்ஸ் போடுபவர் கண் சிவந்தால் லென்ஸை உடனே கழற்றிவிட்டு, அதைக் குப்பையில் போடாமல் டப்பாவோடு மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். புண்ணில் என்ன கிருமி என்று கண்டுபிடிக்க அந்த லென்ஸும் டப்பாவும் உதவும். லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் கழுவும் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தண்ணீரில் வாழும் அகாந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரி உண்டாக்கும் புண்ணுக்குச் சிகிச்சை மாதக் கணக்கில் ஓடும்.

கண் முன்னால் கொசு பறப்பது போலக் கறுப்புப் புள்ளிகள். பயப்பட வேண்டுமா?

வருடக் கணக்கில் இருக்கும் ஒன்றிரண்டு புள்ளி, வெள்ளைச் சுவரைப் பார்க்கும்போது மட்டும் மிதப்பது என்றால் பயம் வேண்டாம். கண்ணுக்குள் இருக்கும் ஜெல் வயதாகும்போது சுருங்குகிறது, அதன் இழைகளின் நிழல் அது. திடீரென்று புள்ளிகள் கொத்தாகக் கூடினாலோ, இருட்டில் ஓரமாக மின்னல் வெட்டினாலோ, ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவது போல மறைத்தாலோ அன்றே விழித்திரை மருத்துவரைப் பாருங்கள். ஜெல் விலகும்போது விழித்திரையைக் கிழித்திருக்கலாம். கிழிசலாக இருக்கும்போதே பிடித்துவிட்டால் சுற்றிலும் லேசர் போட்டு, பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். விழித்திரை பிரிந்து, நடுப்புள்ளியும் கழன்றுவிட்டால் பெரிய அறுவை, அதற்குப் பிறகும் பழைய பார்வை வருவது சிரமம். அதிக மைனஸ் பவர் உள்ளவர்களும், கண்புரை அறுவை செய்தவர்களும், கண்ணில் அடிபட்டவர்களும் இதில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

இதோடு ஒன்று. வலியே இல்லாமல் ஒரு கண் சட்டென்று இருண்டு, சில நிமிடத்தில் பார்வை திரும்பிவிட்டால், "சரியாகிவிட்டதே" என்று விட்டுவிடாதீர்கள். அது பக்கவாதத்துக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். அவசர சிகிச்சைப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்கே போங்கள். இருண்ட கண்ணில் பார்வை திரும்பவில்லை என்றாலும் அங்கேதான். இரட்டையாகத் தெரிவது, இமை திடீரெனத் தொங்குவது, கூடவே கடும் தலைவலி என்றாலும் அப்படியே.

மகனுக்கு ஐந்து வயது. ஒரு கண் கொஞ்சம் உள்ளே திரும்பியிருக்கிறது. வளர வளரச் சரியாகிவிடும் என்று மாமியார் சொல்கிறார். "மாறுகண் அதிர்ஷ்டம்" என்றும் சொல்கிறார்கள். காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். பிறந்த முதல் சில மாதம் குழந்தையின் கண் அவ்வப்போது விலகுவது உண்டு, நான்கு மாதத்துக்குள் நேராகிவிடும். அதற்குப் பிறகும் விலகினால் எந்த வயதானாலும் காட்ட வேண்டும். ஐந்து வயதில் தானாகச் சரியாகும் மாறுகண் கிடையாது. அம்மாவின் பயத்தைத் தணிக்க இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மூக்குத் தண்டு அகலமான சில குழந்தைகளுக்குக் கண் திரும்பியது போலத் தோற்றம் மட்டும் இருக்கும். கொஞ்ச தூரத்திலிருந்து டார்ச் அடித்தால் வெளிச்சப் புள்ளி இரண்டு பாப்பாவிலும் ஒரே இடத்தில் விழுந்தால் அநேகமாகத் தோற்றம்தான். ஆனாலும் அதை உறுதி செய்ய வேண்டியவர் மருத்துவர்.

அழகு இங்கே இரண்டாம் பிரச்சினை. திரும்பிய கண்ணிலிருந்து வரும் படத்தை மூளை ஒதுக்கிவிடுகிறது. நாளடைவில் அந்தக் கண் நன்றாக இருந்தும் பார்க்கக் கற்றுக்கொள்ளாமலே போய்விடும். இதுதான் 'சோம்பேறிக் கண்'. மாறுகண்ணே இல்லாமல், இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் அதிகமாக இருந்தாலும் இது வரும். வெளியே எதுவும் தெரியாது. குழந்தை இரண்டு கண்ணையும் திறந்து ஓடி விளையாடும். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடினால் சும்மா இருக்கும், மற்றக் கண்ணை மூடினால் கையைத் தட்டிவிடும் என்றால் காரணம் அதுவே. ஏழெட்டு வயதுக்குள் சிகிச்சை தொடங்கினால் பலன் நன்றாக இருக்கும். பிறகு குறைந்துகொண்டே போகும்.

முதலில் மருத்துவர் பாப்பாவை விரிக்கும் மருந்து போட்டுப் பவர் பார்ப்பார். குழந்தை கண்ணைக் குவித்து ஏமாற்றிவிடும் என்பதால் இது இல்லாமல் அளவு சரியாக வராது. அட்ரோபின் போட்டிருந்தால் ஒரு வாரத்துக்கு மேலும் கிட்டத்துப் பார்வை மங்கலாகவே இருக்கும். பள்ளிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறகு கண்ணாடி. சில குழந்தைகளுக்குக் கண்ணாடியிலேயே கண் நேராகிவிடும். பார்வை வளரவில்லை என்றால் நல்ல கண்ணை ஒட்டுப்போட்டு மூடுவார்கள், நாளுக்கு இரண்டு மணி நேரமோ ஆறு மணி நேரமோ, பாதிப்பைப் பொறுத்து.

ஒட்டு பலன் தரவில்லை என்று வருபவர்களிடம் அடிக்கடி காணப்படும் தவறு: ஒட்டைக் கண்ணாடியின் மேல் ஒட்டுவது. குழந்தை தலையைச் சாய்த்து, ஃப்ரேமின் ஓரத்தில் நல்ல கண்ணால் எட்டிப் பார்த்துவிடும். ஒட்டு தோலில் நேராக ஒட்ட வேண்டும், அதன் மேல் கண்ணாடி. அந்த நேரத்தில் சும்மா உட்கார வைக்காமல் வண்ணம் தீட்டுவது, மணி கோப்பது என்று கிட்டத்தில் பார்க்கும் வேலை கொடுங்கள். அறுவை தேவைப்பட்டால் அது கண்ணை நேராக்கும், பார்வையை வளர்க்காது. ஒட்டும் கண்ணாடியும் அறுவைக்குப் பிறகும் தொடரலாம்.

ஃபிளாஷ் போட்டு எடுத்த புகைப்படத்தில் குழந்தையின் ஒரு பாப்பா மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் அதைத் தள்ளிப்போடவே கூடாது. கண்புரையாக இருக்கலாம், விழித்திரைப் புற்றாகவும் இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரைக் காப்பாற்றலாம், பெரும்பாலும் கண்ணையும்.

அம்மாவுக்குக் கண்புரை. "இன்னும் முற்றவில்லை, முற்றிய பிறகு ஆபரேஷன்" என்று உறவினர்கள் சொல்கிறார்கள். எது சரி?

முற்றட்டும் என்பது பழைய காலத்துக் கணக்கு. இப்போது மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான கீறல் வழியாக, புரை படிந்த லென்ஸை அல்ட்ராசவுண்டால் நொறுக்கி உறிஞ்சி எடுக்கிறார்கள். கல்லாக இறுகிய புரையை நொறுக்கத்தான் அதிக சக்தி வேண்டும், கருவிழிக்கும் அதனால் சேதம் கூடும். அளவுக்கு மீறி முற்றினால் உள்ளேயே கசிந்து கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். அம்மா படிப்பது, படி இறங்குவது, இரவில் எதிரே வரும் வெளிச்சத்தைச் சமாளிப்பது இதில் எது தடைப்படுகிறதோ அன்றைக்கு முடிவெடுங்கள். எதுவும் தடைப்படவில்லை என்றால் அவசரமும் இல்லை. புரையைச் சொட்டு மருந்தால் கரைக்க முடியாது.

மருத்துவர் கேட்காமலே அவரிடம் சொல்ல வேண்டியவை: ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை (நீங்களாக நிறுத்தாதீர்கள்), ஆண்களானால் சிறுநீர்த் தொந்தரவுக்குச் சாப்பிடும் டாம்சுலோசின். அது பாப்பாவைத் தளரவிடும். தெரிந்திருந்தால் மருத்துவர் அதற்குத் தயாராக இருப்பார். அறுவைக்குப் பிறகு நன்றாகத் தெரிந்த கண் முதல் வாரத்தில் மறுபடி மங்கி, வலித்துச் சிவந்தால் உள்ளே கிருமி புகுந்திருக்கலாம். இரவு பத்து மணியானாலும் போக வேண்டும். மாதங்கள், வருடங்கள் கழித்து மெல்ல மங்கினால் அது வேறு. செயற்கை லென்ஸுக்குப் பின்னால் உள்ள சவ்வு பூத்திருக்கும். சில நிமிட லேசரில் தீரும்.

பட்டறையில் வேலை செய்கிறோம். கண்ணில் சுண்ணாம்போ ஆசிடோ தெறித்தால், இரும்புத் தூள் பட்டால், மருத்துவரிடம் போவதற்குள் என்ன செய்வது?

இரண்டுக்கும் நேர்மாறான முதலுதவி.

சுண்ணாம்பு, சிமெண்ட், காஸ்டிக் சோடா, ஆசிட் என்றால் முதலில் தண்ணீர், பிறகுதான் வண்டி. சுத்தமான எந்தத் தண்ணீரும் போதும். இமையை விரலால் விரித்துப் பிடித்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்புறமாக ஓடும்படி குறைந்தது 15 நிமிடம், சுண்ணாம்பு வகை என்றால் 30 நிமிடம் கழுவ வேண்டும். கண்ணைச் சுழற்றச் சொல்லுங்கள். இமைக்கு அடியில் சுண்ணாம்புத் துகள் ஒட்டியிருந்தால் எவ்வளவு கழுவினாலும் அது கரைந்துகொண்டே இருக்கும். நனைத்த சுத்தத் துணி நுனியால் ஒற்றி எடுங்கள். ஆசிடுக்குச் சோடா, சுண்ணாம்புக்கு வினிகர் என்று முறிக்கப் பார்க்காதீர்கள், வெந்த கண் மறுபடி வேகும். ஆசிட் திசுவை உறைய வைப்பதால் அந்த உறைவே ஓரளவு தடுப்பாக நிற்கிறது. சுண்ணாம்பு திசுவைக் கரைத்து உள்ளே இறங்கிக்கொண்டே போகும். எரிச்சல் குறைவாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது.

கூர்மையான பொருள் குத்தியிருந்தால் கழுவக் கூடாது, தேய்க்கக் கூடாது, குத்தி நிற்பதைப் பிடுங்கக் கூடாது. காகிதக் கோப்பையைக் கவிழ்த்து, விளிம்பு எலும்பில் உட்காரும்படி வைத்து ஒட்டிவிட்டுப் போங்கள். கண் உருண்டையின் மேல் எந்த அழுத்தமும் விழக் கூடாது. உடனே அறுவை தேவைப்படலாம் என்பதால் எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள்.

இரும்பின் மேல் இரும்புச் சுத்தியலால் அடிக்கும்போது தெறிக்கும் துணுக்கு தனி ஆபத்து. ஊசி குத்தியது போலச் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். பார்வைகூட அன்று குறையாமல் இருக்கலாம். துணுக்கு உள்ளே போய் உட்கார்ந்து துருவேறி மாதக் கணக்கில் விழித்திரையைக் கெடுக்கும். "சுத்தியல் அடித்தபோது பட்டது" என்ற ஒரு வாக்கியத்தை மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள். அதைக் கேட்டால் எக்ஸ்ரே அல்லது சி.டி. எடுக்கச் சொல்வார். எம்.ஆர்.ஐ. மட்டும் கூடாது, காந்தம் துணுக்கை நகர்த்திவிடும்.

அப்பாவுக்குக் கண் அழுத்த நோய். எனக்கு வயது 38, எந்தத் தொந்தரவும் இல்லை. நானும் பார்க்க வேண்டுமா? அப்பா மருந்து விட்டும் அழுத்தம் குறையவில்லை என்கிறார்கள்.

பார்க்க வேண்டும், இப்போதே. பெற்றோர், உடன்பிறந்தோருக்கு இருந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. இதில் பார்வை ஓரத்திலிருந்து அரிக்கப்படுவதால் நடுப்பார்வை கடைசிவரை நன்றாகவே இருக்கும். சாதாரண அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரசம், ஆனால் அந்த எண்ணுக்குள் இருந்தே நரம்பு கெட்டவர்கள் உண்டு. அதனால் அழுத்தம் மட்டும் பார்த்து அனுப்பினால் போதாது. பார்வை நரம்பைப் பார்த்து, சந்தேகம் இருந்தால், ஓரப் பார்வை எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் பார்வைப் புலச் சோதனையும் செய்ய வேண்டும். இந்த நோயின் இன்னொரு வகை சத்தமாக வரும்: கண் சிவப்பு, பொறுக்க முடியாத வலி, விளக்கைச் சுற்றி வானவில், வாந்தி. வாந்தியை வைத்து வயிற்றுக் கோளாறு என்று நினைத்து ஓர் இரவைக் கழித்தால் பார்வை போய்விடலாம்.

அப்பாவின் மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டுமுன் அவர் அதை எப்படி விடுகிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பலர் விடுவது இமையில் விழும், கன்னத்தில் வழியும். தலையை நிமிர்த்தி, கீழிமையை இழுத்துப் பை போல ஆக்கி, அதில் ஒரு சொட்டு. குப்பியின் நுனி கண்ணிலோ இமையிலோ படக் கூடாது. அந்தப் பை ஒரு சொட்டையே முழுதாகத் தாங்காது; இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான். விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை ஒன்றிரண்டு நிமிடம் விரலால் அழுத்த வேண்டும். இல்லையென்றால் மருந்து மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்கி ரத்தத்தில் கலக்கும். டிமோலால் என்ற கண் அழுத்தச் சொட்டு விடுபவருக்கு ஆஸ்துமா இருந்தால் இது விளையாட்டில்லை. அந்த மருந்தே அவருக்கு ஏற்றதா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். இரண்டு மருந்து என்றால் நடுவில் ஐந்து நிமிட இடைவெளி, இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். திறந்த தேதியைக் குப்பியின் மேல் பேனாவால் எழுதி, நான்கு வாரம் ஆனதும் மிச்சம் இருந்தாலும் தூக்கிப்போடுங்கள். பரிசோதனைக்குப் போகும் நாளிலும் காலை மருந்தைத் தவறாமல் கண்ணில் போட்டுக்கொண்டே போகச் சொல்லுங்கள். "டெஸ்ட் இருக்கிறதே" என்று அன்று மட்டும் நிறுத்திவிட்டு, ஏறிய எண்ணைக் காட்டி மருந்தைக் கூட்டிக்கொண்டு வருபவர்களும் இருக்கிறார்கள்.